மெர்போக்கிலிருந்து பத்துமலைக்கு ஒரு ரயில் பாதை

மெர்போக்கில் ரயில் நிலையம் கிடையாது. கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில், குனோங் ஜெராய் மலையின் அடிவாரத்தில் இருக்கும் இந்தச் சிற்றூருக்கு வருகிறவர்கள் பீடோங்கில் பெரிய சாலையை விட்டுத் திரும்பி, செமிலிங் வழியாக வரவேண்டும். வழியில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகக் கட்டடங்கள் தெரியும். இன்னும் மேற்கே போனால் தஞ்சோங் டாவாய் மீனவர் ஊர், அதற்கப்பால் கடல். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் சதுப்புக் காட்டுக்கு நடுவே ஓடும் மெர்போக் ஆறு, இடையில் முன்பு ரப்பராக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட தோட்டங்கள். இதுதான் ஊர்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களை நாம் இங்கே அழைத்து வருவது பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தைக் காட்டத்தான். புக்கிட் பத்து பஹாட் ஓடையோரம் கருங்கல் அடித்தளத்தோடு நிற்கும் பழைய கோயிலைப் பார்த்ததும், 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்தின்மீது படையெடுத்த கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவோம். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் அந்தப் படையெடுப்புக்கும் நமக்கும் இடையே 900 ஆண்டுகள். நம்மில் பலருடைய குடும்பக் கதை தொடங்குவது கப்பல் தளத்தில். பிறகு ரயில் பெட்டியில், அல்லது அந்த ரயிலுக்காகக் கொட்டிய ஜல்லிமேல்.

என் அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தைத் தாண்டும்போது அவனுக்கு ஒரு சந்தேகம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர் கெடா தோட்டத்துக்கு எப்படி வந்தது? அது அமெரிக்க ரப்பர் நிறுவனம் நடத்திய தோட்டம் என்றேன். உடனே அவன் யூடியூபில் பார்த்த அமெரிக்க ரயில் முதலாளிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். வாண்டர்பில்ட், ஸ்டான்ஃபோர்ட், ஜே கூல்ட் என்று பெயர்கள் வரிசையாக வந்தன. கடைசியில் கேட்டான்: “நம்ம ஆளுங்கள்ல அந்த மாதிரி யாரும் இல்லையா, மாமா?”

“இருந்தாருடா. தைப்பூசத்துக்குப் போறியே பத்துமலை, அது அவர் தொடங்கி வச்ச கோயில்தான்.”

அவர் கே. தம்புசாமி பிள்ளை. 1850இல் பிறந்து 1902இல் இறந்தவர். ரயில் நிறுவனத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். மலாயாவில் ரயிலை அரசாங்கமே போட்டது. ஆனால் ரயில் வந்ததால் வளர்ந்த ஈயம், நிலம், ஊர் மூன்றிலும் அவர் கை இருந்தது. ரயில்வேக்குத் தமிழ்த் தொழிலாளர்களைத் திரட்டித் தந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. அமெரிக்க ரயில் முதலாளிகளுக்கு அருகில் வைத்துப் பார்க்க, 19ஆம் நூற்றாண்டு மலாயாத் தமிழர்களில் அவரைவிடப் பொருத்தமான ஒருவர் இல்லை. சுங்கைப் பட்டாணியில் மின்சார ரயில் ஏறிக் கோலாலம்பூர் போய், அங்கிருந்து கொமுட்டரில் பத்துமலை சென்றால் அவர் வாழ்க்கையை ஏறக்குறைய முழுவதுமாகத் தொட்டுவிடலாம். பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம் நாங்கள் இருவரும் கிளம்பினோம்.

முதலாளி இல்லாத பாதை

சுங்கைப் பட்டாணி நிலையம் இப்போது மேம்பாலமும் மின்தூக்கியுமாக இருக்கிறது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை இரட்டைப் பாதை போட்டு மின்மயமாக்கியபோது வந்த மாற்றம் இது. 2015இல் மின்சார ரயில் எல்லைவரை ஓடத் தொடங்கியது. நடைமேடையில் நிற்கிறவர்களில் பாதிப்பேர் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள். தோளில் மடிக்கணினிப் பை, கையில் அம்மா கட்டித் தந்த சாப்பாடு.

இந்தப் பாதையின் கதை 1909இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு போடப்பட்ட ஒப்பந்தத்தின்படி கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷாரிடம் வந்தது. அதே ஏற்பாட்டில், மலாய் கூட்டு மாநிலங்களின் பணத்திலிருந்து சயாமுக்கு 40 லட்சம் பவுன் கடன் கொடுக்கப்பட்டது. தன் தெற்குப் பகுதியில் ரயில் பாதை போட்டு மலாயாப் பாதையோடு இணைப்பதற்கான கடன் அது. கெடாவில் ரயில் 1915இல் அலோர் ஸ்டாரை எட்டியது. 1918இல் பாடாங் பெசாரில் சயாம் பாதையோடு சேர்ந்தது.

அமெரிக்காவில் இப்படி ஒரு பாதை போட்டிருந்தால் அதற்கு ஒரு முதலாளியின் பெயர் ஒட்டியிருக்கும். இங்கே ஒட்டவில்லை. பாதையின் பெயர் வெறும் ‘கெடா லைன்’. மண் வெட்டியவர்கள், ஜல்லி கொட்டியவர்கள், சிலிப்பர் கட்டை சுமந்தவர்கள் பெயரும் இல்லை.

என் கொள்ளுத்தாத்தா அந்தக் கூட்டத்தில் ஒருவர். பினாங்கில் இறங்கி, ரயில் வேலைக்கு வந்து, வேலை முடிந்ததும் மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டப் போய்விட்டார். இவ்வளவுதான் எங்கள் வீட்டில் வழிவழியாக வந்த செய்தி. பாட்டி அவரைப் பற்றிப் பேசும்போது ‘மாமா’ என்றுதான் சொல்லும். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். லயத்தில் மற்றவர்கள் அவரைக் ‘கேங்குக்காரர்’ என்பார்களாம். வழக்கத்துக்கும் பட்டப்பெயருக்கும் நடுவில் ஒரு மனிதரின் பெயர் எப்படி மறைகிறது பாருங்கள்.

தங்க ஆணியில் எழுதிய பெயர்கள்

ரயில் புக்கிட் மெர்தாஜாமைக் கடந்து தெற்கே ஓடியது. வயல்வெளி முடிந்து புக்கிட் மேரா ஏரியின் நடுவே ரயில் போகும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே ஜன்னலோர இடம் கேட்டு வாங்கலாம். இரு பக்கமும் தண்ணீர். அந்த நேரத்தில் மருமகனுக்கு லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் கதையைச் சொன்னேன். தம்புசாமி பிள்ளையை அளந்து பார்க்க அது ஒரு படிக்கல்லாக உதவும்.

ஸ்டான்ஃபோர்ட் 1824இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். தங்கம் தேடி எல்லாரும் கலிபோர்னியாவுக்கு ஓடிய காலத்தில் அவரும் போனார். தங்கம் தோண்டாமல், தோண்டுகிறவர்களுக்கு மளிகையும் சாமானும் விற்றார். 1861இல் மத்திய பசிபிக் ரயில் நிறுவனத்தின் தலைவரானார். அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் ஆளுநர். பதவியேற்ற உரையிலேயே, ஆசியர்கள் வந்து குடியேறுவதைத் தடுக்க வேண்டும் என்று பேசினார். சில ஆண்டுகள் கழித்து சியரா நெவாடா மலையைக் குடைய ஆள் கிடைக்காதபோது, அவருடைய நிறுவனம் ஆயிரக்கணக்கான சீனர்களையே வேலைக்கு எடுத்தது. உச்சத்தில் பத்தில் ஒன்பது பேர் சீனர்கள். 1867 ஜூனில் அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். மலைமேல் இருந்தவர்களுக்குச் சாப்பாடு போவதை நிறுவனம் நிறுத்தியது. ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது.

1869 மே 10ஆம் தேதி, யூட்டா பகுதியில் கிழக்கிலிருந்து வந்த பாதையும் மேற்கிலிருந்து வந்த பாதையும் சந்தித்தன. கடைசி ஆணி தங்கத்தால் செய்யப்பட்டது. அதன் பக்கங்களில் நிறுவனத்தின் அதிகாரிகள், இயக்குநர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஒரு சீனர் பெயரும் அதில் இல்லை.

பணம் குவிந்தது. ஆனால் 1884இல் அவருடைய ஒரே மகன், 15 வயதுப் பையன், இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் டைஃபாய்டு வந்து இறந்துபோனான். தாய் தகப்பன் இருவரும் உடைந்து போனார்கள். மகன் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் கட்டுவதென்று முடிவெடுத்து, 8,000 ஏக்கருக்கும் மேற்பட்ட தங்கள் பண்ணை நிலத்தைக் கொடுத்தார்கள். 1891இல் அது திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 1893 ஜூனில், ஸ்டான்ஃபோர்ட் தூக்கத்திலேயே இறந்தார். ரயில் பாதை போட அரசாங்கம் கொடுத்த கடனுக்காக அவருடைய சொத்தின்மீது ஒன்றரைக் கோடி டாலருக்கு வழக்கு வந்தது. மனைவி ஜேன் சிக்கனமாகச் செலவு செய்து பல்கலைக்கழகத்தை மூடாமல் காப்பாற்றினார். 1896இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

“அப்போ அவர் நல்லவரா கெட்டவரா, மாமா?”

“ரெண்டும் ஒரே ஆள்தான்டா” என்றேன். அதற்குள் தைப்பிங் வந்துவிட்டது.

தைப்பிங்கில் இறங்கியவர்கள்

மலாயாவின் முதல் ரயில் ஓடியது தைப்பிங்கில்தான். 1885 ஜூன் 1ஆம் தேதி, அங்கிருந்து போர்ட் வெல்டுக்கு. ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. இன்று அந்தத் துறைமுகத்தின் பெயர் கோல செபெத்தாங்; தண்டவாளம் போய், மீன்குழம்புக் கடைகளும் பழைய பெயர்ப்பலகை ஒன்றும் மிஞ்சியிருக்கின்றன. பாதையைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படைத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து நிலைய அதிபர்களும் கிராணிகளும், தமிழ்நாட்டிலிருந்து பாதை வேலைக்காரர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரே ரயில்வேயில் மேசைக்கு ஒரு தமிழர், மண்வெட்டிக்கு ஒரு தமிழர். அந்த இடைவெளி நம் சமூகத்தில் ரொம்ப நாள் நீடித்தது.

தைப்பிங்கைக் கடந்ததும் ரயில் புக்கிட் பெராப்பிட் சுரங்கத்துக்குள் நுழைகிறது. நீளம் 3 கிலோமீட்டருக்கும் மேல். இயந்திரம் குடைந்த இந்தச் சுரங்கத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் இருட்டு. கைபேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்து மறுபடி குனிந்தார்கள்.

ராவாங்கில் எரிந்த மின்விளக்கு

ஈப்போவைத் தாண்டி, தஞ்சோங் மாலிம் தாண்டி, ரயில் சிலாங்கூருக்குள் வந்தது. ராவாங் நெருங்கும்போது மருமகனைத் தட்டி எழுப்பினேன். பிள்ளையின் கதையில் முக்கியமான ஊர் இது.

தம்புசாமி பிள்ளை சிங்கப்பூரில் பிறந்தவர். ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் படித்தவர். ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் எழுத்தராக வேலை பார்த்தார். 1875இல் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக நியமிக்கப்பட்டபோது, 25 வயதுப் பிள்ளையும் கூடவே வந்தார். ஆங்கிலம், மலாய், தமிழ் தெரிந்த, கணக்குத் தெரிந்த ஓர் ஆள் அந்தப் புதிய நிர்வாகத்துக்குப் பொக்கிஷம். கருவூலத்தில் தலைமை எழுத்தரானார். பலமுறை மாநிலப் பொருளாளர் பொறுப்பையும் ஏற்று நடத்தினார்.

பிறகு அரசாங்க வேலையை விட்டுவிட்டுத் தொழிலுக்கு வந்தார். ஈயச் சுரங்கம், நிலம், கொடுக்கல் வாங்கல். ராவாங்கில் சீனப் பெருவணிகர் லோக் யூவோடு கூட்டுச் சேர்ந்து சுரங்கம் நடத்தினார். 1894இல் அந்தச் சுரங்கத்துக்காக இருவரும் மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். மலாயாவில் மின்சாரம் பயன்பாட்டுக்கு வந்த தொடக்கம் அதுதான் என்று நாட்டின் மின்துறை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. ஒரு சீனரும் ஒரு தமிழரும் சேர்ந்து ஏற்றிய விளக்கு. நாங்கள் அந்த ஊரை மின்சார ரயிலிலேயே கடந்துபோனோம்.

ஈயச் சுரங்கத்துக்கு ரயில் ஏன் வேண்டும் என்பது சுலபமான கணக்கு. மாட்டு வண்டியிலும் படகிலும் ஈயத்தை அனுப்பினால் நாளும் செலவும் அதிகம். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரைக்கு ரயில் ஓடியதும், அரசாங்க வருமானமும் சுரங்கக்காரர் லாபமும் ஒன்றாக ஏறின. பாதை வடக்கே ராவாங் வரை நீண்டது. நீள நீள ஆள் தேவைப்பட்டது. கருவூலத்தில் இருந்து, சுரங்கமும் நடத்தி, தமிழ்நாட்டோடு தொடர்பும் வைத்திருந்த பிள்ளை போன்றவர்கள் இல்லாமல் அந்த ஆள் வந்திருக்காது. இதை நாம் பெருமையாகவும் சொல்லலாம், வருத்தமாகவும் சொல்லலாம். காட்டை வெட்டிப் பாதை போட்டவர்களை மலேரியாக் காய்ச்சல் வாரிக்கொண்டு போன காலம் அது. ஆள் கொண்டுவந்தவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. வந்த ஆள் கங்காணியின் கணக்கில் ஒரு தலை.

நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன்

கோலாலம்பூரில் கே.எல். சென்ட்ரலுக்கு முன்னால் வெள்ளைக் கோபுரங்களோடு தெரியும் பழைய நிலையம் 1910இல் திறக்கப்பட்டது. பிள்ளை அதைப் பார்க்கவில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில்தான் 1870களில் அவர் குடும்பத்தின் சிறிய மாரியம்மன் கோயில் இருந்தது. 1885இல் அது இப்போது ஜாலான் துன் எச்.எஸ். லீ என்று அழைக்கப்படும் தெருவுக்கு மாறியது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் அதுதான்.

மாலையில் அங்கே போனோம். வேலை முடிந்து வந்த இளைஞர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிடம் கண்ணை மூடி நின்றுவிட்டு எல்.ஆர்.டி. பிடிக்க ஓடுகிறார்கள். பக்கத்துப் பூக்கடையில் ஓர் அம்மா, “எந்த ஊர் தம்பி?” என்று மருமகனைக் கேட்டார். மெர்போக் என்றதும், “எங்க வீட்டுக்காரருக்குக் குருண் பக்கம்” என்று ஒரு முழம் கூடுதலாக அளந்து கொடுத்தார்.

பிள்ளை கோயிலோடு நிற்கவில்லை. 1893இல் விக்டோரியா கல்வி நிலையம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் அறங்காவலர்களில் ஒருவராக இருந்தார். நகரத்தின் சுகாதார வாரியத்திலும் இருந்தார். இன்று ஜாலான் புத்ரா பக்கத்தில் அவர் பெயரால் ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் உணவு கொண்டுபோகும் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியுமோ!

குகை வாசலும் ஒரு வேலும்

மறுநாள் காலை பத்துமலைக்குக் கொமுட்டர் ஏறினோம். வழியில் செந்தூல். ரயில்வே பட்டறையை நம்பித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர். 2010 முதல் இந்தக் கொமுட்டர் குகை அடிவாரத்திலேயே கொண்டுபோய் இறக்குகிறது. தைப்பூசத்தன்று இதில் நிற்க இடம் இருக்காது. சாதாரண நாளில் சுற்றுலாப் பயணிகளும் குரங்குகளைப் பற்றி எச்சரிக்கும் பாட்டிகளும்தான்.

வெளியுலகம் பத்துமலையை அறிந்தது 1878இல், வில்லியம் ஹார்னடே என்ற அமெரிக்க இயற்கையியலாளர் இங்கே வந்து எழுதிய பிறகு. அவர் பார்த்தது வௌவாலையும் சுண்ணாம்புப் பாறையையும். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த தம்புசாமி பிள்ளை, அதே குகை வாசலில் வேலின் வடிவத்தைப் பார்த்தார் என்று சொல்வார்கள். 1890, 91 வாக்கில் அங்கே முருகனை வைத்தார். 1892 முதல் தைப்பூசம் நடந்து வருகிறது. மரப்படிகள் 1920இல் வந்தன. பிறகு சிமெண்டுப் படிகள், இன்றைக்கு 272. அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006இல் வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், காட்டுக்கு நடுவே ஒரு குகையும், ஒரு மனிதரின் நம்பிக்கையும்தான் இருந்தன.

கோயில் தொடங்கிப் பத்தாண்டு கடந்ததும், 1902இல், பிள்ளை தான் பிறந்த சிங்கப்பூரிலேயே காலமானார். வயது 52. ஸ்டான்ஃபோர்ட் இறந்து ஒன்பது ஆண்டு கழித்து. ஒருவர் விட்டுப்போனது பல்கலைக்கழகம், ஒருவர் விட்டுப்போனது கோயில். பிள்ளையின் சுரங்கங்கள் இன்று இல்லை. ஆனால் அவர் கொண்டுவந்த வழிபாட்டைத் தோட்டத்து மக்கள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். கெடாவிலிருந்து லாரியிலும் பேருந்திலும் ரயிலிலும் காவடியோடு போய்ப் பத்துமலையைப் பத்துமலையாக்கியவர்கள் அவர்கள்தான். தைப்பூசத்தைத் தொடங்கியவர் ஒருவர். அதை 130 ஆண்டுக்கும் மேல் சுமந்து வந்தவர்கள் லட்சம் பேர்.

பெயருள்ள கல்லறை, பெயரில்லாத காடு

ரயிலைப் பற்றிப் பேசினால் கெடாத் தோட்டக்காரர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் சயாம் மரண ரயில். 1942, 43இல் ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆசியத் தொழிலாளர்களில் மட்டும் சுமார் 90,000 பேர் மாண்டதாகக் கணிக்கிறார்கள். எங்கள் தாத்தாவின் அண்ணன் போனார், திரும்பவில்லை.

காஞ்சனபுரியில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் போர்க்கைதிகளாக இறந்த ஏறக்குறைய 7,000 பேர் அடக்கம். புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெரும்பாலான கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு. அது சரியானது, அவர்களுக்கு அந்த மரியாதை வேண்டும். பாதையோரக் காட்டில் புதைந்த நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. காரணம் பணம் மட்டும் இல்லை. இராணுவம் ஆள் பட்டியல் வைத்திருந்தது. தோட்டத்து ஆளுக்கு யாரும் பட்டியல் வைக்கவில்லை.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2012இல் ஒரு வேலையைத் தொடங்கியது. தன் நிறுவனருக்குப் பணம் சேர்த்துக் கொடுத்த சீனத் தொழிலாளர்கள் யார் யார் என்று தேடும் வேலை. சம்பளப் பட்டியல்களைப் பார்த்தார்கள். பெரும்பாலும் குழுத் தலைவனின் பெயர்தான் இருந்தது, நம் கங்காணி முறை மாதிரியே. பிள்ளைகளையும் பேரர்களையும் கண்டுபிடித்துப் பேசினார்கள். ஆயிரக்கணக்கான பேர் ஆண்டுக்கணக்கில் உழைத்த அந்தப் பாதையிலிருந்து, ஒரு தொழிலாளி தன் கையால் எழுதிய ஒரு கடிதம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நூற்று நாற்பது ஆண்டு தாமதம். அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தாலும் தாமதத்தை வாங்க முடியவில்லை.

நமக்கு அவ்வளவு தாமதம் ஆகிவிடவில்லை. கெடா பாதை போட்டு நூறு ஆண்டுக்குச் சற்று மேல். மரண ரயில் போட்டு எண்பது ஆண்டுக்குச் சற்று மேல். அப்பா போனதைப் பார்த்த பிள்ளைகள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் தொண்ணூறு வயதுக்காரர்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த விடுமுறைக்கு மெர்போக் பக்கம் வந்தால், காலையில் அருங்காட்சியகம் பாருங்கள். வெயிலுக்கு முன்னால் புக்கிட் பத்து பஹாட் ஓடையில் கால் நனையுங்கள். மதியம் செமிலிங்கிலோ பீடோங்கிலோ சாப்பிட்டுவிட்டு, உங்கள் குடும்பம் இருந்த தோட்டம் எதுவோ அங்கே போங்கள். லயங்கள் இடிந்திருக்கலாம். மாரியம்மன் கோயில் பெரும்பாலும் இருக்கும். அங்கே யாராவது ஒரு பெரியவர் இருப்பார். அவரிடம் மூன்று கேள்வி போதும்: உங்கள் அப்பா பெயர் என்ன, அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், இங்கே முதலில் என்ன வேலை செய்தார்? கைபேசியில் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

பெரியவர் யாரும் கிடைக்காவிட்டால் வீட்டு அலமாரியைத் தேடுங்கள். பழைய பிறப்புப் பத்திரம், தாத்தாவின் அடையாள அட்டை, திருமணப் பதிவு, கோயில் ரசீது. என் மருமகன் ஊர் திரும்பிய பிறகு எங்கள் பாட்டியின் தகரப்பெட்டியில் தேடி எடுத்தது தாத்தாவின் அடையாள அட்டையை. தாத்தா பெயர், அதன்பின் ‘இன்னாரின் மகன்’ என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்து, அதன்பின் ஒரு பெயர். மூன்றே எழுத்து. கெடா லைனுக்கு ஜல்லி கொட்டிய மனிதரின் பெயர் அது. எழுபது ஆண்டாக எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

நம் கோயில்களில் ஒரு குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தால்கூட ‘உபயம்’ என்று பெயர் எழுதிவிடுவோம். சில சமயம் எழுத்து பெரிதாகி வெளிச்சமே குறைந்துவிடும். தம்புசாமி பிள்ளைக்குத் தெருப்பலகை இருக்கிறது, ஸ்டான்ஃபோர்டுக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த நாட்டின் ரயில் பாதை யாருடைய உபயம் என்று எழுத இன்னும் இடம் இருக்கிறது. அந்தப் பெயர்களை வைத்திருப்பவர்கள் நாம்தான்.